மணலுக்கு மதில்

சஹாரா பாலைவனம் தெற்கு நோக்கி நடந்து வருகிறது என்று உலகத்தைப் பயமுறுத்தியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர், நம்முடைய இந்தியக் காட்டிலாகாவில் உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரர். எட்வர்ட் பெர்ஸி ஸ்டெப்பிங் என்பது அவர் பெயர். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விஷயத்தில் நிபுணர். இந்தியக் காடுகளின் சரித்திரத்தை மூன்று தடித்த பாகங்களாக எழுதி வைத்தவர். பழைய புஸ்தகப் பிரியர்கள் யாராவது அந்தப் பாகங்களைக் கையால் தூக்கிப் பார்த்திருந்தால், ஆள் எவ்வளவு உழைப்பாளி என்பதை ஒப்புக்கொள்வார்கள். இந்தியாவை விட்ட பிறகு எடின்பரோ சர்வகலாசாலையில் வனவியல் பேராசிரியராக இருந்தார்.

1934-ல் அவர் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சுற்றுப்பிரயாணம் செய்தார். போனது மழையில்லாத பருவம். அந்தப் பக்கத்தில் வருஷத்தில் மூன்று நான்கு மாதந்தான் மழை. மற்ற மாதங்களில் வானம் பித்தளைத் தட்டு மாதிரி இருக்கும். வடக்கிலிருந்து புழுதிக் காற்று வீசும். வயலில் கம்புத் தட்டைகூட மிஞ்சியிருக்காது. இந்தக் கோலத்தைப் பார்த்த ஸ்டெப்பிங், பாலைவனம் ஊரை விழுங்க வருகிறது என்று முடிவு கட்டினார். ஊருக்குத் திரும்பியதும் ராயல் ஜியாக்ரபிகல் சொஸைடியாரின் சஞ்சிகையில் 1935-ல் ஒரு கட்டுரை எழுதினார். முன்னேறி வரும் சஹாரா என்பது அதன் தலைப்பு. அந்தத் தலைப்பிலேயே ஒரு நாவலுக்கு வேண்டிய பயம் இருக்கிறது. பரிகாரமும் அவரே சொன்னார்: குறுக்கே நெடுகக் காடு வளர்த்து, மணலுக்கு ஒரு மதில் எழுப்பிவிட வேண்டும்!

பயம் பிரிட்டிஷ் சர்க்காரையும் பிரெஞ்சு சர்க்காரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கூடி ஒரு கமிஷன் வைத்தார்கள். 1936 கடைசியிலும் 1937 தொடக்கத்திலும் அந்தக் கமிஷன் நைஜீரியாவுக்கும் நைஜருக்கும் இடையே உள்ள எல்லைப் பிரதேசத்தைச் சுற்றிப் பார்த்தது. மணல் படையெடுத்து வருவதற்கு அத்தாட்சி எதுவும் அகப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கையை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. மதிலைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பின் தொண்ணூறு வருஷ காலம் அந்த மதில் ஒரு தேசத்துத் திட்டத்திலிருந்து இன்னொரு தேசத்துத் திட்டத்துக்குக் குடிபெயர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்காகப் பணமும் கேட்கப்படுகிறது, கொடுக்கவும் படுகிறது. அந்தப் பணத்தின் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். சஹாராவுக்குத் தெற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து செங்கடல் பக்கம் வரையில் ஒரு நீண்ட பட்டை. அதற்குச் சஹேல் என்று பெயர். அரபு பாஷையில் சஹேல் என்றால் கரை என்று அர்த்தம். ஒட்டகத்தின் மேல் ஏறி மணற்கடலைத் தாண்டி வந்தவன் வைத்த பெயர் என்பது சொல்லாமலே விளங்கும். இந்தக் கரையில் உள்ள தேசங்களில் ஒன்று நைஜர். அதன் தென்கோடியில், நைஜீரிய எல்லையை ஒட்டி, மராடி, ஸிண்டர் என்று இரண்டு ஜில்லாக்கள். ஹௌஸா ஜனங்கள் அங்கே கம்பும் சோளமும் பயிரிடுகிறார்கள். ஆம், நம் கம்பேதான், நம் சோளமேதான்.

அந்தக் கம்பங் கொல்லைகளின் நடுவே பெரிய பெரிய மரங்கள் நின்றன. நம் பக்கத்து வேல மரத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். ஹௌஸா பாஷையில் கவோ என்கிறார்கள். இந்த மரத்தின் சுபாவம் விசித்திரமானது. மழைக் காலத்தில் எல்லா மரமும் துளிர்த்தால் இது இலையை உதிர்க்கும். கோடையில் எல்லா மரமும் மொட்டையாக நின்றால் இது பச்சைப் பசேலென்று நிற்கும். ஆகவே கம்பு முளைத்து வெயில் தேடும் காலத்தில் தலைக்கு மேல் நிழல் கிடையாது. உதிர்ந்த இலை எருவாகிறது. மேய்ச்சல் வறண்ட காலத்தில் இதன் காய்களை மாடு தின்கிறது. இதன் நிழலில் படுத்து நிலத்துக்குச் சாணமும் போடுகிறது. குடியானவனைக் கலந்து ஆலோசித்துக்கொண்டு பகவான் படைத்த மரமோ என்று தோன்றும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஸிண்டரை ஆண்ட சுல்தான் ஒருவர், உத்தரவில்லாமல் கவோ மரத்தை வெட்டியவனுக்குக் கடுந்தண்டனை விதித்தார் என்று ஒரு கர்ண பரம்பரை உண்டு. தாவர சாஸ்திரிகளோ இந்த மரத்துக்கு ஸெனகல் நாட்டில் கவர்னராக இருந்த பெதர்ப் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அவர் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே அது அங்கே நின்றுகொண்டிருந்தது. பெயர் வைக்கிற உரிமை ஆளுகிறவனுக்குத்தானே!

பெயரோடு போயிருந்தால் குற்றமில்லை. ஸ்டெப்பிங் கட்டுரை எழுதிய அதே 1935-ல், ஜூலை மாதம், பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரு காட்டுச் சட்டம் பிறந்தது. சொந்தக்காரன் இன்னான் என்று பத்திரம் இல்லாத பூமி சர்க்காருடையது; மதிப்புள்ள ஜாதி மரங்கள் சர்க்காரின் பாதுகாப்பில் இருக்கின்றன; அவற்றை வெட்ட அனுமதிச் சீட்டு வேண்டும், சீட்டில்லாதவனுக்கு அபராதம் — சாராம்சம் இதுதான். காட்டைக் காப்பாற்றத்தான் சட்டம் செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சஹேலில் காடு எங்கே இருக்கிறது? வயலில் இருக்கிறது. கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடியானவர், புன்செய்க்குப் புறப்படும்போது காட்டுக்குப் போகிறேன் என்று சொல்வதை நேயர்கள் கேட்டிருப்பார்கள். நைஜரின் குடியானவனுக்கும் காடும் கொல்லையும் ஒன்றே. பாரிஸில் உட்கார்ந்து சட்டம் எழுதியவருக்கோ காடு வேறு, வயல் வேறு. அவர் காட்டைக் காப்பாற்றப் போட்ட வேலி குடியானவனின் வயலுக்கு நடுவில் வந்து விழுந்தது.

விளைவு என்ன ஆயிற்று? வயலில் தானாக ஒரு கன்று முளைக்கிறது. வளர்ந்து மரமானால் அது சர்க்கார் சொத்து. ஒரு கிளையைக் கழித்தாலும் சேவகன் வந்து நிற்பான். ஆகவே, கன்று முழங்கால் உயரம் வருவதற்குள் களையோடு களையாகப் பிடுங்கி எறிந்துவிடுவதே புத்திசாலித்தனம். இது நமக்குப் புரியாத நியாயம் அல்ல. மைசூர் ராஜ்யத்தில் சந்தனத்தை ராஜ விருட்சம் என்று திப்பு சுல்தான் 1792-ல் பிரகடனம் செய்த பிறகு, பட்டா நிலத்தில் முளைத்த சந்தனக் கன்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட குடியானவன் அபூர்வம்.

1960-ல் நைஜர் சுதந்திரம் அடைந்தது. கொடி மாறிற்று, கீதம் மாறிற்று, காட்டுச் சட்டத்தின் மூச்சு மட்டும் மாறவில்லை. 1974-ல் புதிதாக ஒரு சட்டம் செய்தபோதும் பழைய சட்டத்தையே பெரும்பாலும் திருப்பி எழுதினார்கள். அதற்குள் பருவமும் பழிவாங்க ஆரம்பித்திருந்தது. 1968 முதல் ஐந்தாறு வருஷம் மழை பொய்த்தது. மாடுகள் ஆயிரக் கணக்கில் செத்து விழுந்தன. இடையர்கள் குடும்பம் குடும்பமாகப் பட்டணங்களின் ஓரத்தில் வந்து கூடாரம் போட்டார்கள். 1974 ஏப்ரலில் ராணுவத்தார் ஜனாதிபதி டியோரி ஹமானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். பஞ்ச நிவாரணத்தில் நடந்த ஊழல்கள் அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

ஸ்டெப்பிங் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால், நான் அன்றைக்கே சொன்னேனே என்றிருப்பார். 1975-ல் சூடானில் ஆகாய விமானத்திலிருந்து பார்த்த ஒரு நிபுணர், பதினேழு வருஷத்தில் பாலைவனம் 90 முதல் 100 கிலோமீட்டர் வரை தெற்கே நகர்ந்துவிட்டதாகக் கணக்குச் சொன்னார். அவர் ஒப்பிட்டது ஒரு பழைய படத்தையும், பஞ்ச வருஷங்களில் தாம் கண்ட காட்சியையும். பின்னால் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கணக்கைச் சரிபார்த்து, அப்படி ஒரு நடை நடக்கவில்லை என்றார்கள். மழை வந்தபோது பச்சையும் திரும்பி வந்தது. ஆனால் 1977-ல் ஐக்கிய நாடுகள் சபை நைரோபியில் பாலைவன மகாநாடு கூட்டியபோது, ஓடிவரும் மணல்தான் எல்லார் மனக்கண்ணிலும் நின்றது. அல்ஜீரியா தேசம் ஏற்கெனவே ராணுவச் சேவைக்கு வந்த வாலிபர்களைக் கொண்டு 1,500 கிலோமீட்டர் நீளத்துக்குப் பைன் மரங்களை நட ஆரம்பித்திருந்தது. ஒரே ஜாதி மரம். ஒரே ஜாதிக் கம்பளிப் பூச்சிக்கு விருந்தாயிற்று. பெரும் பகுதி பிழைக்கவில்லை.

இந்தப் பஞ்சங்களுக்குக் காரணம் யார் என்ற கேள்விக்கு அந்த நாளில் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றே: குடியானவன் மரத்தை வெட்டினான், இடையன் புல்லை மேய்த்தான், அதனால் மழை ஓடிப் போயிற்று. அமெரிக்காவில் பெரிய வானிலை சாஸ்திரி ஒருவர் இதற்கு அழகான கணிதமும் செய்து கொடுத்தார். வெறுந்தரை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் மேகம் கட்டுவதில்லை என்றார். அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆனால் 2003-ல் வெளியான ஒரு முக்கியமான ஆராய்ச்சி, சஹேலின் மழையை ஆட்டி வைப்பது பெரும்பாலும் சமுத்திரங்களின் வெப்பமே என்று காட்டியது. அவற்றுள் நம்முடைய இந்து மகா சமுத்திரமும் ஒன்று. வடக்கே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகள் கக்கிய கந்தகப் புகைக்கும் அதில் பங்குண்டு என்று பிறகு வந்தவர்கள் கண்டார்கள். ஒரு தலைமுறைக் காலம் ஒரு ஏழைக் குடியானவன், தன் பஞ்சத்துக்குத் தானே காரணம் என்ற பழியைச் சுமந்தான். தீர்ப்பு மாறிய செய்தி அவன் காதுக்கு எட்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு ஆஸ்திரேலியர் வருகிறார். டோனி ரினாடோ என்ற விவசாய நிபுணர்; கிறிஸ்துவ மிஷன் ஒன்றைச் சேர்ந்தவர். மனைவியுடன் மராடிக்கு வந்து, அங்கே மரம் நடும் திட்டத்தைப் பொறுப்பேற்றார். நாற்றங்கால் போட்டார், கன்று வளர்த்தார், வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கிராமம் கிராமமாக நட்டார். நட்டதில் பெரும்பாலானவை பட்டுப் போயின. வெயில் கொன்றது போக மிச்சத்தை ஆடு தின்றது. ஜனங்களுக்கோ சிரத்தை இல்லை. மூன்று வேளை கஞ்சிக்கே வழியில்லாதவனிடம் போய், இந்தச் சர்க்கார் சொத்துக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்று என்றால் எப்படி ஊற்றுவான்? அவனுக்கு அவர் பைத்தியக்கார வெள்ளைக்கார விவசாயியாகத்தான் தென்பட்டார்.

1983-ல் ஒரு நாள் ரினாடோ கன்றுகளை ஏற்றிய வண்டியோடு போய்க்கொண்டிருந்தார். மணலில் சக்கரம் புதையாமல் இருக்க, டயர்களில் காற்றைக் குறைப்பதற்காக இறங்கினார். சுற்றிலும் பார்த்தார், நாலு திசையிலும் பொட்டல். மனம் உடைந்து பிரார்த்தனை செய்துகொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அப்போது பக்கத்தில் ஒரு சிறு புதர் கண்ணில் பட்டது. அம்மாதிரிப் புதர்கள் அந்த வெளியில் ஆயிரக் கணக்கில் கிடந்தன, தினமும் பார்த்தவைதான். கிட்டப் போய் இலையைப் பார்த்தார். அது புதரல்ல, மரம்! என்றோ வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வருஷா வருஷம் துளிர்த்துக்கொண்டே இருக்கிறது. வருஷா வருஷம் விதைப்புக்கு முன்னால் குடியானவன் அதை வெட்டி எரித்துக்கொண்டே இருக்கிறான். மண்ணுக்கு மேலே ஒன்றும் இல்லை. மண்ணுக்குக் கீழே, தண்ணீர் தேடிப் போன பழைய வேர்களோடு ஒரு காடு முழுவதும் உயிரோடு படுத்திருக்கிறது.

இதை நான் நாவலில் எழுதினால், பத்திராதிபர் சிரித்துக்கொண்டே அடித்துவிடுவார். தேடிப் போன பொருள் காலடியில் கிடப்பது பழைய நாடகக்காரர்களின் தந்திரம் என்பார். ஆனால் நடந்தது இதுதான்.

செய்ய வேண்டிய காரியம் வெகு சுலபம். கட்டையிலிருந்து கிளம்பும் பத்து இருபது போத்துகளில் நேரானவை நாலைந்தை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். விட்டவற்றிலும் கீழ்க்கிளைகளைக் கவாத்துச் செய்ய வேண்டும். அடுத்த வருஷம் ஒன்றை வெட்டி விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம், மற்றவை வளரும். கரும்பிலும் தைல மரத்திலும் மறுதாம்பு விடுவது நம்மவருக்குத் தெரிந்ததுதான். நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் வண்டி வேண்டாம், ஒரு கத்தி போதும். ஹௌஸாக் குடியானவனுக்கும் இது பாட்டன் காலத்து வித்தைதான். அதை அவன் செய்யாமல் இருந்ததற்குக் காரணம் அறியாமை அல்ல. வளர்த்தால் தனக்கு மிஞ்சாது என்ற அறிவு.

பணம் இங்கே எப்படி வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் பத்துப் பேர்தான் துணிந்து செய்து பார்த்தார்கள். அவர்கள் விட்டு வைத்த போத்துகளையும் அயலார் வெட்டிக்கொண்டு போனார்கள். 1984-ல் மறுபடியும் கொடும் பஞ்சம். நிவாரணத் தானியம் வந்தது. வயலில் மறுதாம்பு விடுகிறவர்களுக்கு, அதைக் கூலியாக வைத்து, ரினாடோவின் திட்டத்தார் தானியம் கொடுத்தார்கள். கிராமம் கிராமமாக ஜனங்கள் சேர்ந்தார்கள். சுமார் ஐந்து லட்சம் மரங்கள் தலையெடுத்தன. மறு வருஷம் நல்ல மழை, நல்ல விளைச்சல், தானியம் கொடுப்பது நின்றது. உடனே அந்த மரங்களில் மூன்றில் இரண்டு பங்கை ஜனங்கள் வெட்டித் தள்ளிவிட்டார்கள்!

தர்மப் பணத்தின் சரித்திரத்தில் இது ஒரு நேர்மையான கணக்கு. மற்றத் திட்டத்தார்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதல் வருஷத்து எண்ணிக்கையை மட்டும் அச்சடித்திருப்பார்கள். ஆனால் மிஞ்சிய மூன்றில் ஒரு பங்கை வெட்டாமல் வைத்திருந்தவர்கள், கூலிக்காக வைத்திருக்கவில்லை. மரமிருந்த கொல்லையில் புழுதிக் காற்று கம்பங்கன்றை அறுக்கவில்லை என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். மரமில்லாத நாளில் ஒரே பருவத்தில் மூன்று நான்கு தடவை விதைக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு தடவை போதும் என்றார்கள். விதைத் தானியத்தின் விலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்று தெரியும்.

இன்னொரு காரியமும் நடந்தது. அதற்குச் செலவே இல்லை. அந்தப் பக்கத்துக் காட்டிலாகா அதிகாரிகளிடம் பேசி, குடியானவன் தன் வயலில் தானே வளர்த்த மரத்தை வெட்டினால் அபராதம் போடுவதில்லை என்று வாய்மொழியாக ஏற்பாடு செய்துகொண்டார்கள். சட்டம் மாறவில்லை, சேவகர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதிலிருந்து விஷயம் உறவினர் வழியாகவும் சந்தை வழியாகவும் பரவிற்று. மாப்பிள்ளை செய்ததை மாமனார் செய்தார். மாமனார் செய்ததை அடுத்த ஊர் செய்தது.

இருபது வருஷம் உலகத்துக்கு இது தெரியாது. 2000-க்குப் பிறகு அமெரிக்க பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த கிரே டாப்பன் பழைய ஆகாயப் படங்களையும் புதிய படங்களையும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். டச்சுக்காரரான கிறிஸ் ரைஜும் நைஜரைச் சேர்ந்த மஹமானே லார்வானூவும் வயலில் இறங்கி எண்ணினார்கள். கணக்கு இவ்வாறு வந்தது: சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரங்கள் திரும்பியிருக்கின்றன, ஏறக்குறைய 20 கோடி மரங்கள். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான பூமி அது. அதனால் வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் டன் தானியம் கூடுதலாக விளைவதாகவும், அது 25 லட்சம் பேருக்குச் சாப்பாடு என்றும் மதிப்பிட்டார்கள்.

அந்தப் படங்களில் சிலவற்றை நானும் பார்த்தேன். நைஜருக்கு நான் போனதில்லை, பார்த்தது காகிதத்தில்தான். சாம்பல் நிறத் தரையில் கருநிறப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மரம். எல்லைக்கு இந்தப் புறம் நைஜர், அந்தப் புறம் நைஜீரியா. இரண்டு பக்கமும் ஹௌஸா ஜனங்கள். அதே பாஷை, அதே மண். நைஜீரியாப் பக்கம் மழைகூடச் சற்று அதிகம். அங்கே அந்நியக் கடன் வாங்கிப் பெருந்தொகை செலவிட்டு மரவேலி நட்டார்கள். புள்ளிகள் அடர்த்தியாக இருப்பதோ, நட யாருக்கும் பணம் கொடுக்காத நைஜர்ப் பக்கத்தில்.

உடனே, பணமே வேண்டாம் என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள். மராடியிலும் 1984-ல் தானியம் கொடுத்திருக்காவிட்டால் அந்த மூன்றில் ஒரு பங்கும் கிடையாது. கிராமங்களில் கூடிப் பேச வைத்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. இந்த முறையைப் பரப்ப ஹெக்டேருக்குச் சுமார் 20 டாலர் ஆகிறது என்று அதில் ஈடுபட்டவர்கள் சொல்கிறார்கள். சிறிய தொகை, ஆனால் பூஜ்யம் அல்ல. பல வருஷம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். பெரிய பணத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. அதற்கு மார்ச்சு மாதத்துக்குள் செலவாக வேண்டும். நட்ட கன்று இத்தனை என்று எண்ணிக்கை வேண்டும். மந்திரி மண்வெட்டி பிடிக்கும் போட்டோ வேண்டும். வெட்டாமல் விட்ட கட்டையைப் போட்டோ எடுத்து எந்த மகாநாட்டில் காட்டுவது?

ஆகவே மதில் மறுபடியும் வந்தது. 2005-ல் நைஜீரிய ஜனாதிபதி ஒபஸாஞ்ஜோ யோசனை சொன்னார். 2007-ல் ஆப்பிரிக்க ஐக்கியம் ஏற்றுக்கொண்டது. மகா பசுமை மதில் என்று பெயர். டக்கார் முதல் ஜிபூட்டி வரை, பதினொரு தேசங்களின் குறுக்கே, சுமார் 8,000 கிலோமீட்டர் நீளம், 15 கிலோமீட்டர் அகலம். ஸ்டெப்பிங்கின் ஆவி திருப்தி அடைந்திருக்கும். பிற்பாடு, நைஜர் போன்ற இடங்களைப் பார்த்து, மதில் என்ற சொல்லை வைத்துக்கொண்டே அர்த்தத்தை மாற்றிக்கொண்டார்கள். வயல், மேய்ச்சல், மரம் எல்லாம் சேர்ந்த திட்டம் என்கிறார்கள். நல்ல மாறுதல். 2030-க்குள் 10 கோடி ஹெக்டேரைச் சீர்திருத்துவது என்பது லட்சியம். 2020-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பாலைவன ஸ்தாபனமே வெளியிட்ட அறிக்கையில், மதிலுக்கென்று வகுத்த பகுதியில் முடிந்தது சுமார் 40 லட்சம் ஹெக்டேர் என்று கண்டிருந்தது. அடுத்த வருஷம் ஜனவரியில் பிரெஞ்சு ஜனாதிபதி கூட்டிய மகாநாட்டில் 1,430 கோடி டாலர் தருவதாக வாக்குறுதிகள் குவிந்தன.

வாக்குறுதி என்பது வேறு, ரொக்கம் என்பது வேறு. 2009-ல் கோபன்ஹேகனில் பணக்கார தேசங்கள், 2020-க்குள் வருஷத்துக்குப் பத்தாயிரம் கோடி டாலர் ஏழை தேசங்களுக்குக் கிடைக்கச் செய்வதாகச் சொல்லின. அந்தத் தொகை எட்டியது 2022-ல். அதிலும் பெரும்பகுதி கடன். மாறுகிற பருவத்துக்கு ஈடுகொடுக்க உதவும் வேலைகளுக்கு ஒதுங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி பெரும்பாலும் புகையைக் குறைக்கும் வேலைகளுக்கு. நைஜரின் கம்பங் கொல்லையில் எந்தப் புகையைக் குறைப்பது? அங்கே மழை இப்போது வருகிறது. ஆனால் அடியோடு பெயர்த்துக்கொண்டு போவதுபோல் வருகிறது. சஹேலில் பெரும்புயல் மழைகள் 1982-லிருந்து மூன்று மடங்கு அதிகமாகியிருப்பதாக வானிலை ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளத்தில் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் வேண்டும்.

மரத்தைத் திரும்பப் பெற்ற ஊர்களில் எல்லாம் பாலும் தேனும் ஓடுவதாக நான் சொல்லவில்லை. 2005-ல் நைஜரில் மறுபடி பஞ்சம் வந்தது. ஆனால் மரம் வைத்திருந்த கிராமங்கள் கிளைகளைக் கழித்து விறகாக விற்றுத் தானியம் வாங்கின. ஸிண்டர்ப் பக்கத்தில், 1984-ல் விறகு பொறுக்க ஒரு பெண் தினம் இரண்டரை மணி நேரம் அலைந்தாள். இப்போது அரை மணி போதும் என்கிறார்கள். மிச்சமான அந்த இரண்டு மணி நேரத்தை எந்தத் திட்டத்தின் வரவு செலவிலும் நான் காணவில்லை.

நஷ்டப்பட்டவர்களும் உண்டு. மரத்துக்குச் சொந்தக்காரன் ஏற்பட்டதும் மரத்துக்கு அந்நியனும் ஏற்படுகிறான். புலானி இடையர்கள் பரம்பரையாகக் கோடையில் வந்து கிடை போடுவார்கள். மரக்கிளையை வளைத்து மாட்டுக்குத் தழை ஒடிப்பார்கள். குடியானவனுக்கு எரு, இடையனுக்குத் தழை என்ற பழைய உடன்பாடு அது. இப்போது தழை ஒடித்தால் சண்டை வருகிறது. நிலமில்லாத விதவை முன்பு பொதுவில் பொறுக்கிய சுள்ளிக்கும் இப்போது ஒருவர் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. சில ஊர்களில் இடையர்களையும் பெண்களையும் சேர்த்துக் கமிட்டி வைத்து இதைச் சமாளிக்கிறார்கள். சில ஊர்களில் இல்லை.

குடியானவன் வளர்த்த மரம் அவனுடையதே என்று நைஜர் சர்க்கார் எழுத்தில் கொடுத்தது 2020-ல். ரினாடோ மணலில் நின்று புதரைப் பார்த்து முப்பத்தேழு வருஷம் கழித்து. பிரெஞ்சுச் சட்டம் பிறந்து எண்பத்தைந்து வருஷம் கழித்து. மூன்று வருஷத்துக்குள், 2023 ஜூலையில், ராணுவத்தார் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தார்கள். மேல்நாட்டு சர்க்கார்கள் உதவிப் பணத்தை நிறுத்தின. கட்டைகள் துளிர்ப்பதை நிறுத்தவில்லை.

பக்கத்து தேசமான புர்க்கினா பாஸோவில் யாகூபா ஸவடோகோ என்று ஒரு குடியானவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். 1980 வாக்கில், கல்லாய் இறுகிக் கிடந்த தரையில் கோடையிலேயே குழி பறித்து, அதில் எரு போட்டு வைத்தார். எருவைத் தேடிக் கறையான் வந்து தரையைத் துளைத்தது. அந்தத் துளை வழியாக முதல் மழை உள்ளே இறங்கியது. சோளம் விளைந்தது. எருவோடு வந்த விதைகளிலிருந்து மரக்கன்றும் முளைத்தது. அவற்றை அவர் பிடுங்கவில்லை. பைத்தியம் என்று சொல்லிச் சிலர் தீ வைத்தார்கள். மறுபடி வளர்த்தார். 2018-ல் அவரும் ரினாடோவும் ஒரே வருஷத்தில், ஸ்வீடனில் மாற்று நோபல் என்று சொல்லப்படும் பரிசைப் பெற்றார்கள். ஆனால் அந்தக் காட்டுக்குப் பட்டா அவர் பெயரில் இல்லை. பக்கத்து வாகிகூயா நகரம் பெருகிக்கொண்டே வந்தபோது, சர்க்கார் அளவுக்காரர்கள் காட்டுக்கு உள்ளே மனைக் கல் நட்டார்கள். நிலத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால் விலை கொடுத்து வாங்கிக்கொள் என்றார்கள். கேட்ட விலை அவர் ஆயுளில் கண்டிராத தொகை.

2023 டிசம்பரில் ஸவடோகோ காலமானார். அவர் விட்டுப் போன காடு சுமார் 40 ஹெக்டேர் இருக்கும். அறுபதுக்கு மேற்பட்ட ஜாதி மரங்களும் செடிகளும் அதில் இருக்கின்றன; ஊரார் மருந்துக்குப் பட்டையும் வேரும் அங்கேதான் எடுக்கிறார்கள்.